மூன்றாம் மாடியில் எல்லோரும் நலம்

தினமும் காலை ஆறு மணிக்கு அற்புதமேரி டீச்சர் வேறு மூன்று பேராக மாறிவிடுவார். எண்பத்திரண்டு வயது சடகோபன், எழுபத்தெட்டு வயது கமருன்னிசா, எண்பத்து நான்கு வயது தெய்வானை. மூன்று பேரையும் இடது முன்கையில் வரிசையாகக் கட்டிக்கொண்டு, முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டு, உய்யக்கொண்டான் வாய்க்கால் கரையில் ஓட ஆரம்பிப்பார்.

கையில் கட்டுவது நலப்பட்டையை. பார்ப்பதற்கு ரப்பர் வளையல்தான். அறுபதைத் தாண்டிய எல்லோருக்கும் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தது. நாடி, மூச்சு, உடம்புச் சூடு, நடந்த அடிகள், இருக்கும் இடம் எல்லாவற்றையும் குறித்து, நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, கடல் தாண்டி இருக்கும் பிள்ளைகளின் போனுக்கு அனுப்பிவிடும். ஒரு நாளில் சில மணி நேரம் கட்டியிருந்தால் போதும். மதிப்பெண் அறுபதுக்குக் கீழே போனால் பிள்ளைகளின் போனில் மணி அடிக்கும். மணி அடித்தால் கோயமுத்தூர்தான்.

கோயமுத்தூரில் நல்ல வசதியான முதியோர் இல்லம் ஒன்று இருந்தது. வேளைக்குச் சாப்பாடு, வாசலிலேயே டாக்டர், மாலையில் பஜனை எல்லாம் உண்டு. ஆனால் அங்கே போனவர் யாரும் திருச்சி தில்லைநகர் பக்கம் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. சடகோபனின் மகன் வரதன் டொராண்டோவில் உட்கார்ந்துகொண்டு அப்பாவுக்காக அங்கே ஓர் அறையைப் பதிவு செய்தே வைத்துவிட்டான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் சடகோபன், பட்டையைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டாம் மாடிக்கு இறங்கி வந்தார். முழங்கால் வலியில் ஒவ்வொரு படிக்கும் ஒரு முறை முனகினார்.

"டீச்சரம்மா, அறுபத்தொண்ணுல நிக்குது. இன்னும் ஒரு மார்க் போச்சுன்னா என்னைப் பெட்டி கட்டிருவான். ஒரே ஒரு நாள் இதை மாட்டிக்கிட்டு ஓடிட்டு வந்துருங்களேன்."

பரீட்சையில் பிட் அடித்த பிள்ளைகளை மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடவிட்டவர் அற்புதம் டீச்சர். பெண்கள் பள்ளியில் முப்பது வருடமாக பி.டி. டீச்சர். கோகோ அணிகளைத் துரத்திக்கொண்டே இருந்ததில் கல்யாணம் செய்துகொள்ள நேரமில்லாமல் போய், ஐம்பத்து நான்கு வயதில் ஒரு விசிலோடும் ஒரு மூட்டை ஸ்கிப்பிங் கயிறோடும் தனியாக வாழ்கிறவர். அப்படிப்பட்டவர் முதலில் முறைத்தார். பிறகு சடகோபன் முகத்தைப் பார்த்தார். அதில் கோயமுத்தூர் தெரிந்தது. கையை நீட்டினார். மறுநாள் முதல், பிட் அடிப்பதற்காகத் தானே ஓட ஆரம்பித்தார். விஷயம் தெரிந்ததும் மூன்றாம் மாடியின் மற்ற இரண்டு வீடுகளும் சேர்ந்துகொண்டன.

இந்த வருடம் கோடை விடுமுறை விட்டதும் சடகோபனுக்குப் பேராசை வந்துவிட்டது. அடுக்ககத்தின் நலப்பட்டியலில் முதல் மூன்று இடங்களும் மூன்றாம் மாடிக்கே வர வேண்டுமாம். அதனால் டீச்சர் காலை ஆறு மணிக்கு மூன்று கதவுகளையும் தட்டிப் பட்டைகளை வாங்கிக்கொள்வார். மதியம் ஒரு மணிக்குத்தான் மறுபடி கதவைத் தட்டித் திருப்பிக் கொடுப்பார். முதலிடங்கள் வந்தன. தெய்வானையம்மாள் எண்பத்து நான்கு வயதில் நாளுக்குப் பதினான்காயிரம் அடி நடந்துகொண்டிருந்தார், நாற்காலியை விட்டு எழாமலே.

டீச்சருக்கு ஒரே ஒரு தொந்தரவு. கொஞ்ச நாளாக, மாடிப்படி ஏறினால் நெஞ்சுக்குள் ஒரு தவளை தத்துவது போல இருந்தது. தத்தும், நிற்கும், மறுபடி தத்தும். வாயுதான் என்று இஞ்சியைத் தட்டிப் போட்டுக் குடித்துவிட்டு விட்டுவிட்டார்.

கத்திரி வெயிலின் எட்டாம் நாள், காலை பதினொரு மணிக்கு மின்சாரம் போனது. மாவட்டம் முழுக்கப் போனது. மாலை ஆறு மணிக்கு முன்னால் வராது என்று போனில் செய்தி வந்தது. வெளியே நாற்பத்தைந்து டிகிரி.

யாரும் பதறவில்லை. பங்காளி இருக்கிறதே!

பங்காளி என்பது அந்த அடுக்ககத்தின் மின்பகிர்வு யந்திரம். கார் நிறுத்தும் கீழ்த்தளத்தில் பெரிய பேட்டரி ஒன்று இருக்கிறது. எல்லா வீட்டுக்கும் சமமாகக் கொடுத்தால் ஒரு மணி நேரம்கூட வராது. யாருக்கு அவசியமோ அவர்களுக்கு மட்டும் கொடுத்தால் நாள் முழுக்க வரும். அந்த 'யாருக்கு' என்பதில்தான் மூன்று வருடத்துக்கு முன்னால் கைகலப்பே நடந்தது. அப்போதைய சங்கச் செயலாளர் தன் வீட்டு ஏசியை ஓடவிட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக் கைக்குழந்தையை வேகவிட்டார். அடிதடி முடிந்து, எல்லோரும் கூடி, மனிதக் கையே படக்கூடாது என்று முடிவு செய்து இந்த யந்திரத்தை வாங்கினார்கள். நலப்பட்டைகளையும் மருத்துவச் சீட்டுகளையும் பார்த்து அதுவே முடிவு செய்யும். அதோடு நிம்மதி. சண்டை நின்றது. ஒருவர் வீட்டுக் கதவை ஒருவர் தட்டுவதும் நின்றது.

மாடிப்படி ஸ்பீக்கரில் பங்காளி, கல்யாண வீட்டில் பந்திக்கு அழைப்பது போன்ற குரலில் அறிவித்தது.

"கவனிக்கவும். முதல் தளம், ஜனனி, நிறைமாதம்: மின்விசிறி, ஏசி. தரைத்தளம், கைக்குழந்தை: மின்விசிறி, ஏசி. இரண்டாம் தளம், செயலாளர் கதிரேசன், ரத்த அழுத்தம்: மின்விசிறி. மூன்றாம் தளம்: ஒதுக்கீடு இல்லை. அங்கே உள்ள மூவரும் இந்தக் கட்டடத்திலேயே மிக நல்ல உடல்நிலையில் இருக்கிறார்கள். விருப்பப்பட்டால் மற்றவர்களுக்குத் தண்ணீர் தூக்கிக் கொடுத்து உதவலாம்."

அற்புதம் டீச்சர் கையிலிருந்த முறத்தைக் கீழே போட்டார். சட்டைக் கையை மேலே தள்ளிப் பார்த்தார். மூன்று பட்டைகளும் பச்சையாக மின்னிக்கொண்டிருந்தன. அடப்பாவி, நாம்தான் இதைச் செய்தோம் என்று நெஞ்சு சுருக்கென்றது.

மூன்றாம் மாடிக்கு மேலே மொட்டை மாடி. வெயில் நேராகத் தலையில் இறங்கும். டீச்சர் ஓடிப்போய்ப் பார்த்தபோது, கமருன்னிசா வீட்டுக் கதவு திறந்திருந்தது. கமருன்னிசா தரையில் சுவரோடு சாய்ந்திருந்தார். முகம் சிவந்து, உதடு காய்ந்து, மூச்சு சின்னச் சின்னதாக வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் தெய்வானையம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து பழைய காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். தாலுகா ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தவர். விசிறுவதிலும் ஒரு வேகம் இருந்தது.

"காலைல இருந்து தண்ணி குடின்னு கத்துறேன். பாத்ரூமுக்கு எழுந்து போகணுமேன்னு குடிக்க மாட்டேங்குறா" என்றார் தெய்வானை.

டீச்சர் ஈரத் துண்டை கமருன்னிசாவின் கழுத்தில் போட்டுவிட்டு, மாடிப்படிச் சுவரில் இருந்த பங்காளியின் பெட்டி முன்னால் போய் நின்றார்.

"ஏய், மூணாவது மாடிக்கு உடனே கரண்ட் குடு. எல்லாரும் வயசானவங்க."

"வணக்கம் டீச்சர். வயதைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்பது சங்கத்தின் தீர்மானம். 'வயசை வெச்சு எங்களை எடை போடாதே' என்று சடகோபன் அவர்களே முன்மொழிந்தார். பலத்த கைதட்டல் என்று பதிவாகியிருக்கிறது."

பின்னால் வந்து நின்ற சடகோபன் தொண்டையைச் செருமிக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

"சரி, உண்மையைச் சொல்றேன் கேட்டுக்க. அந்தப் பட்டைல இருக்குறது அவங்க நாடி இல்ல. என் நாடி. ரெண்டு வருஷமா நான்தான் கட்டிக்கிட்டு ஓடுறேன்."

"மன்னிக்கவும். மனிதர்கள் வாயால் சொல்வதை ஏற்கக் கூடாது என்பது ஒன்பதாவது விதி. பட்டை சொல்வதை மட்டுமே ஏற்பேன். இப்போது மாற்றிக் கட்டினால் ஆறு மணி நேரத்தில் மதிப்பெண் சரியாகும். திடீர் ஆபத்து தெரிந்தால் மட்டும் உடனே கவனிப்பேன்."

டீச்சர் பட்டைகளைக் கழற்றப் போனார். சடகோபன் தள்ளி நின்றார்.

"வேண்டாம்மா. என் கையில கட்டின மறு நிமிஷம் முப்பது மார்க்னு காட்டும். அங்க டொராண்டோல மணி அடிச்சுரும். கோயமுத்தூர் போறதுக்கு நான் இங்கயே வெந்துடுறேன்."

"சார், விளையாடாதீங்க. கமரும்மாவைப் பாருங்க!"

கதவுக்குள்ளிருந்து கமருன்னிசா கண்ணைத் திறக்காமலே கையை ஆட்டினார். "எனக்கும் வேணாம் அற்புதம். என் மக நஸீமாவுக்குத் தெரிஞ்சா அழுதே செத்துருவா. மெல்போர்ன்ல புது வேலை இப்பத்தான் கெடைச்சிருக்கு. கொஞ்ச நேரம் படுத்திருந்தா சரியாயிரும்."

சரியாகாது என்று டீச்சருக்குத் தெரியும். வெயிலில் மயங்கி விழுந்த பிள்ளைகளை அவர் முப்பது வருடமாகப் பார்த்தவர். வியர்வை நின்றுவிட்டால் ஆபத்து. கமருன்னிசாவின் நெற்றி காய்ந்து கிடந்தது. எப்படியும் ஆறு மணி நேரம் இந்த உடம்பு தாங்காது. பட்டைகளைப் பற்றிய பேச்சை அங்கேயே விட்டுவிட்டு, சட்டைக் கையைக் கீழே இழுத்துவிட்டு யோசித்தார். இந்தக் கட்டடத்தில் குளிர்ச்சியான இடம் எது? கீழ்த்தளம். தண்ணீர்த் தொட்டி அங்கே தரைக்கடியில் இருக்கிறது. சுவரைத் தொட்டாலே சில்லென்றிருக்கும். ஆனால் லிஃப்ட் ஓடாது. நாலு மாடி இறங்க வேண்டும்.

கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து, மூச்சை இழுத்து, ஊதினார்.

மாடிப்படி முழுக்க அந்தச் சத்தம் உருண்டு இறங்கியது. மூன்று வருடமாகத் தாமாகத் திறக்காத கதவுகள் படபடவென்று திறந்தன. என்னமோ தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து, செயலாளர் கதிரேசன் பனியனோடு ஓடி வந்தார். முதல் தளத்து ஜனனியின் கணவன் இளம்பரிதி, கையில் பிசைந்த சாதத்தோடு வந்து நின்றான்.

"என்னாச்சு டீச்சர்? பங்காளிதான் எல்லாத்தையும் பாத்துக்குமே?" என்றார் கதிரேசன்.

"பங்காளி பாத்த லட்சணத்தை உள்ள வந்து பாருங்க."

அவர் உள்ளே வந்து பார்த்தார். அடுத்த நொடி அவர் முகம் மாறிப்போனது. "ஐயோ, எங்க வீட்டுக்கு மேலதானே இவங்க இருக்காங்க... ஒரு எட்டு வந்து பாக்கணும்னு தோணலையே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பொன்மலை ரயில்வே பட்டறையில் முப்பத்தைந்து வருடம் ஃபோர்மேனாக இருந்த சடகோபனுக்கு அப்போது திடீரென்று இருபது வயது குறைந்தது. "மொட்டை மாடி வாசல்ல பந்தல்கால் மூங்கில் ரெண்டு கிடக்கு, எடுத்துட்டு வாடா தம்பி. டீச்சரம்மா, உங்க ஸ்கிப்பிங் கயிறு அத்தனையும் வேணும். கையில்லாத பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், கை வெச்சதா கொண்டாங்க. இஞ்சினையே தூக்கினவன் நான், இந்த அம்மாவைத் தூக்க முடியாதா?"

பத்து நிமிடத்தில் பல்லக்கு தயாரானது. அவர் போட்ட முடிச்சுகளை இளம்பரிதி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். கமருன்னிசாவை உட்கார வைத்தார்கள். முன்பக்கம் டீச்சர், பின்பக்கம் இளம்பரிதி. கதிரேசன் தண்ணீர்ப் பானையோடு முன்னால் இறங்கி வழிவிட்டார். தெய்வானையம்மாள் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டே, "நிறைய வருஷம் கழிச்சு மூணாவது மாடியை விட்டு இறங்குறேன். சீட்டுக்கட்டை எடுத்துக்கிட்டேன், யாரும் கவலைப்படாதீங்க" என்றார்.

"லெஃப்ட், ரைட்! லெஃப்ட், ரைட்!" என்று டீச்சர் குரல் கொடுத்தார்.

"கல்யாணத்தன்னைக்குக்கூட... என்னை இப்படி... யாரும் தூக்கலை" என்றார் கமருன்னிசா மூச்சுக்கு நடுவில். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பேச்சு வந்ததே என்ற சந்தோஷத்தில் டீச்சருக்குக் கண் கலங்கியது.

முதல் மாடித் திருப்பத்தில் தவளை பெரிதாக ஒரு தத்து தத்தியது. படி ஒரு கணம் இரண்டு படியாகத் தெரிந்தது. டீச்சர் சுவரில் தோளைச் சாய்த்து நின்றார்.

"என்ன டீச்சர்?"

"ஒண்ணுமில்ல. கயிறு முறுக்கிக்கிச்சு. நட."

கீழ்த்தளத்தில் கார்களை ஓரமாகத் தள்ளிவிட்டு, தொட்டி மூடியைச் சுற்றிப் பாய் விரித்தார்கள். கமருன்னிசாவின் கால்களைத் தண்ணீர் வாளியில் வைத்து, உப்பும் சர்க்கரையும் எலுமிச்சையும் கலந்த தண்ணீரைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்தார்கள். அரை மணி நேரத்தில் அவர் நெற்றியில் வியர்வை பூத்தது. அந்த வியர்வையைப் பார்த்து அற்புதம் டீச்சர், கோப்பையை ஜெயித்த பிள்ளை போல இரண்டு கையையும் மேலே தூக்கினார்.

விசில் சத்தம் என்னவென்று பார்க்க வந்தவர்கள் யாரும் திரும்பிப் போகவில்லை. ஜனனி தன் ஏசி அறையை விட்டுவிட்டு, "மேல தனியா போரடிக்குது" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். ஃப்ரிட்ஜில் உருகத் தொடங்கியதை எல்லாம் ஒவ்வொருவரும் எடுத்து வந்தார்கள். தரைத்தளத்திலிருந்து ஒரு அண்டா நீர்மோர் வந்தது. யாரோ வெள்ளரிக்காயை நீளவாக்கில் கீறி மிளகாய்த்தூள் தடவினார்கள். கதிரேசன் வீட்டு ஐஸ்கிரீம் கஞ்சியாகிக் கைக்குழந்தையின் மூக்கு வரை ஏறியது. தெய்வானையம்மாள் ரம்மியில் செயலாளரை மூன்று ஆட்டம் தொடர்ந்து தோற்கடித்துவிட்டு, "உமக்கு ரத்த அழுத்தமாமே, இன்னொரு ஆட்டம் தாங்குமா?" என்று கேட்டார். மூன்று வருடமாக ஒரே கட்டடத்தில் இருந்தவர்கள் ஒருவருக்கொருவர் பெயர் கேட்டுக்கொண்டார்கள்.

மணி மூன்றானபோது கீழ்த்தள ஸ்பீக்கர் கரகரத்தது.

"கவனிக்கவும். அவசர மாற்றம். மூன்றாம் தளத்தின் மூன்று வீடுகளுக்கும் முழு மின்சாரம் உடனடியாக வழங்கப்படுகிறது. முதல் முன்னுரிமை."

கைதட்டல் அதிர்ந்தது.

"டீச்சரம்மா போட்ட சத்தத்துல யந்திரமே பயந்துபோச்சு!" என்றார் சடகோபன். டீச்சருக்கும் அப்படித்தான் தோன்றியது. பேச வேண்டிய விதத்தில் பேசினால் யந்திரமும் கேட்கும் என்று பெருமையாக இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"ஆனா அந்த வீடுகள்ல யாருமே இல்லையே" என்றான் இளம்பரிதி.

எல்லோரும் சடகோபனைப் பார்த்தார்கள். சடகோபன் எழுந்துவிட்டார். கட்டடத்தில் உள்ள அத்தனை எக்ஸ்டென்ஷன் வயர்களையும் கொண்டுவரச் சொன்னார். ஒன்றோடு ஒன்றைக் கோத்து, மூன்றாம் மாடியிலிருந்து மாடிப்படி நடுவில் கயிறு போலத் தொங்கவிட்டு, கீழ்த்தளத்தில் இரண்டு பெடஸ்டல் ஃபேனை மாட்டினார். ஃபேன் சுற்றியதும் பெண்கள் குலவையே போட்டுவிட்டார்கள்.

"பங்காளி, இது விதிப்படி சரியா?" என்று கதிரேசன் பயந்துகொண்டே கேட்டார்.

"வீட்டுக்காரர் தன் மின்சாரத்தை எங்கே பயன்படுத்துகிறார் என்பது பற்றி விதி எதுவும் இல்லை" என்றது பங்காளி.

அந்தக் காற்று அடித்துக்கொண்டிருந்தபோதுதான் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. ஒன்றல்ல, மூன்று.

சீருடை போட்ட பெண் ஒருத்தி பெட்டியோடு சரிவில் ஓடி வந்தாள். "சடகோபன், கமருன்னிசா, தெய்வானை. மூணு பேரும் எங்க? மூணு பேருக்கும் இதயத்துடிப்பு தாறுமாறா ஓடுதுன்னு பட்டைல இருந்து அழைப்பு வந்துச்சு."

சடகோபன் கையில் வயரோடு நின்றார். தெய்வானையம்மாள் கையில் பதின்மூன்று சீட்டோடு உட்கார்ந்திருந்தார். கமருன்னிசா வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு நல்ல கை வந்திருக்கு. அதுல வேணா கொஞ்சம் படபடப்பு இருக்கு" என்றார் தெய்வானை.

அந்தப் பெண் மூவரின் நாடியையும் பார்த்தாள். புருவத்தைச் சுருக்கினாள். "மூணும் சரியாத்தான் இருக்கு. ஆனா என் போன்ல பாருங்க, பட்டை இப்பவும் காட்டுது. மூணு பேருக்கும் ஒரே மாதிரி, ஒரே நொடியில தப்புது. ரெண்டு அடிக்குது, ஒண்ணு விடுது. மூணு பேருக்கு எப்படிங்க ஒரே நெஞ்சு இருக்கும்?"

"சந்தேகப்படும் அதிகாரம் எனக்கு வழங்கப்படவில்லை" என்றது ஸ்பீக்கர், யாரும் கேட்காமலே.

முதலில் புரிந்தது சடகோபனுக்கு. வயரைக் கீழே வைத்தார். மெதுவாகத் திரும்பி, இடுப்பில் கை வைத்து நின்றிருந்த அற்புதமேரியைப் பார்த்தார். கமருன்னிசாவும் திரும்பினார். தெய்வானையம்மாள் சீட்டைக் கவிழ்த்துப் போட்டார், அதுவும் ஜெயிக்கிற சீட்டை.

டீச்சர் சட்டைக் கையை மேலே தள்ளினார். மூன்று பட்டைகளும் சிவப்பாகத் துடித்துக்கொண்டிருந்தன.

"வாயுதான்... இஞ்சி குடிச்சேன்" என்றார் சின்னக் குரலில்.

"உக்காருங்க" என்றார் சடகோபன். அவர் இதுவரை அந்தக் குரலில் பேசியதில்லை. முப்பது வருடமாக மற்றவர்களை உட்கார், எழு, ஓடு என்று சொல்லிப் பழகிய டீச்சர் உட்கார்ந்தார். கமருன்னிசா தன் கழுத்தில் இருந்த ஈரத் துண்டை எடுத்து அவர் கழுத்தில் போட்டார். ஸ்ட்ரெச்சர் வந்தபோது, "கூட வர்றது யாரு? சொந்தக்காரங்க மட்டும்தான் ஏறலாம்" என்றாள் அந்தப் பெண்.

"நான் அண்ணன்" என்றார் சடகோபன்.

"நான் அக்கா" என்றார் கமருன்னிசா.

தெய்வானையம்மாள் எழுந்து சேலையைச் சரிசெய்தார். "நான் மூத்த அக்கா. மூணு வண்டி வந்திருக்குல்ல, ஆளுக்கு ஒண்ணா ஏறிக்குவோம்."

பயப்பட ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னார். நெஞ்சின் தாளம் அவ்வப்போது தப்புகிறது. மாத்திரையும் சின்னதாக ஒரு சிகிச்சையும் போதும். ஆனால் இன்னும் சில மாதம் இஞ்சியையே நம்பியிருந்தால், ரத்தம் கட்டி மூளைக்குப் போயிருக்கலாம் என்றும் சொன்னார். அறுபது ஆகாதவருக்கு நலப்பட்டை கிடையாது. அந்த மூன்று பட்டைகள் மட்டும் கையில் இல்லாவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது.

மாலை ஆறு மணிக்கு ஊரில் மின்சாரம் வந்தது. அதே நேரத்தில் சடகோபனின் போனும் அடித்தது. ஆம்புலன்ஸ் செய்தி டொராண்டோவுக்குப் போயிருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சடகோபன் போனை எடுத்தார். எல்லாம் முடிந்தது. பெட்டி கட்ட வேண்டியதுதான். திரையில் மகனின் முகம் வந்ததும் அவர் எதையும் மறைக்காமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"வரதா, அது என் நாடியே இல்லடா. ரெண்டு வருஷமா ஏமாத்திட்டேன். டீச்சரம்மா மேல தப்பு இல்ல. நான் கோயமுத்தூருக்குப் போறேன். அவங்களைத் திட்டாதே."

திரையில் வரதன் தலையில் கை வைத்துக்கொண்டான். பிறகு சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"முதல் வாரமே தெரியும்பா. உங்க முட்டியை வெச்சுக்கிட்டு ஒரு நாளைக்கு இத்தனை ஆயிரம் அடின்னா நான் நம்பணுமா?"

"தெரியுமா?"

"உங்க பட்டை காலைல ஆறு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பும். அப்புறம் திரும்பி வரும். யாரோ ஒருத்தர் தினமும் காலைல உங்க கதவைத் தட்டுறாங்க, உங்க முகத்தைப் பாக்குறாங்க. மறுபடி வந்து பாக்குறாங்க. நான் மார்க்கை எங்கப்பா பாத்தேன்? பட்டை கிளம்புச்சா, திரும்புச்சா, அதை மட்டும்தான் பாப்பேன். அந்தக் கோயமுத்தூர் ரூமை அன்னைக்கே வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"அப்புறம் ஏண்டா இத்தனை நாள் என்கிட்ட சொல்லலை?"

"சொன்னா நிறுத்திடுவீங்களே."

கட்டிலில் படுத்திருந்த அற்புதம் டீச்சர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். அழுகையா சிரிப்பா என்று அவருக்கே தெரியவில்லை. நெஞ்சு ஒழுங்காகத்தான் அடித்தது.

அடுத்த வாரம் சங்கம் கூடியது. மின்சாரம் போனால் முதலில் மேல் வீட்டுக் கதவைத் தட்டுவது, பிறகு பங்காளியைக் கேட்பது என்று பத்தாவது விதி எழுதப்பட்டது. மூன்றாம் மாடியின் மூவரும் தங்கள் பட்டைகளைத் தாங்களே கட்டிக்கொண்டு, பட்டியலில் கடைசி மூன்று இடங்களுக்குப் போனார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்ததால் அற்புதம் டீச்சருக்கும் ஒரு பட்டை வந்தது. ஓடக் கூடாது, ஒரு மாதத்துக்கு மெதுவான நடை மட்டும்.

பட்டை வந்த பதினோராவது நாள் காலை ஆறு மணிக்கு டீச்சர் சடகோபன் வீட்டுக் கதவைத் தட்டினார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, தன் பட்டையைக் கழற்றி நீட்டினார்.

"சார், ஒரே ஒரு நாள். இதைக் கட்டிக்கிட்டு வாய்க்கால் கரையில மெதுவா நடந்துகிட்டிருங்க. நான் ஒரே ஒரு ஓட்டம் ஓடிட்டு வந்துர்றேன். டாக்டருக்குத் தெரியவே தெரியாது."

சடகோபன் அவர் கழுத்தில் தொங்கிய விசிலை எட்டி எடுத்து, தன் வாயில் வைத்து, கட்டடமே அதிர ஊதினார். கமருன்னிசா வீட்டுக் கதவு திறந்தது. தெய்வானையம்மாள் வீட்டுக் கதவும் திறந்தது.

"டீச்சரம்மா, உங்க ஸ்கூல்ல பிட் அடிச்சா என்ன தண்டனை?"

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். "பத்துச் சுற்று."

"கிளம்புங்க" என்று சடகோபன் செருப்பை மாட்டிக்கொண்டார். "நடந்து. எங்க கூட."